ஒரு வேளை மருந்து

மாமனாரின் ஆதார் அட்டையைத் தேடி அலமாரியைக் குடைந்துகொண்டிருந்த விஷ்ணுப்ரியாவுக்கு, பஞ்சாங்கங்களுக்கு அடியில் மகள் ஸ்நேகாவின் பெயர் எழுதிய உறை ஒன்று அகப்பட்டது. கூடத்தில் மாமனார் சேஷனைத் தெற்கே தலை வைத்துக் கிடத்தியிருந்தார்கள். விடியற்காலையில் மாரடைப்பு. மும்பையிலிருந்து மூத்த மகன் வந்ததும் நாலு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு.

உறைக்குள் குழந்தை மருத்துவர் ஷைலஜாவின் கடிதம். பதினான்கு மாதம் முந்தைய தேதி. 'நாலு வாரத்துக்கு ஒருமுறை காய்ச்சல், வாய்ப்புண், கழுத்தில் நெறிக்கட்டு. இடையில் குழந்தை நன்றாக இருக்கிறாள். இது கிருமியால் வருவதல்ல. ஆன்டிபயாட்டிக் வேண்டாம். காய்ச்சல் தொடங்கியதும் ஸ்டீராய்டு ஒரே வேளை போதும். அம்மா என்னை வந்து பார்க்கவும்.'

அன்று ஆபீஸில் லீவு கிடைக்காமல் மாமனாரைத்தான் அனுப்பியிருந்தாள். திரும்பி வந்தவர், "ஒண்ணுமில்லையாம். அம்மா கூட இல்லாத ஏக்கமாக்கும்," என்றார். அடுத்த மாதம் அவள் வேலையை விட்டாள். காய்ச்சல் விடவில்லை. ஒவ்வொரு தடவையும் சேஷனே பழைய சீட்டைக் காட்டி வாங்கிய ஆன்டிபயாட்டிக்கை நேரம் தவறாமல் ஊட்டினார்; நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அதைச் சொல்லிச் சொல்லித் தெருவெல்லாம் அவரைப் புகழ்ந்தவள் அவள்தான்.

ஈர வேட்டியோடு உள்ளே வந்த கணவன் வெங்கிடேஷிடம் கடிதத்தை நீட்டினாள். அவன் வாசிக்கவில்லை. உறையைப் பார்த்ததுமே கண்ணைத் தாழ்த்தினான்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"அத்தைக்கு ஸ்டீராய்டு குடுத்து மூஞ்சியெல்லாம் வீங்கிப்போச்சே, அதுல அப்பா பயந்துட்டா. உங்கிட்டப் பறயவேண்டாம்னா."

"நான் வேலையை விட்டப்போ?"

வாசலில் சாஸ்திரிகள் வந்த சத்தம் கேட்டது. "இப்போ வேண்டாம், ப்ரியா," என்றான்.

பின்கட்டில் ஐந்து வயது ஸ்நேகா சுருண்டு கிடந்தாள். காலையிலிருந்தே உடம்பு கொதித்தது. விஷ்ணுப்ரியா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தைக் கடந்தாள்.

"வாய்க்கரிசி போடணுமே, எங்கே கிளம்பிட்டே?" என்று ஒரு மாமி கேட்டாள்.

அவள் சேஷனின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டாள்.

தம்பானூர் கிளினிக்கில் டாக்டர் ஷைலஜா குழந்தையின் தொண்டையைப் பார்த்தார், கழுத்தைத் தடவினார். ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டு மருந்தை அங்கேயே கொடுத்தார்.

"இத்தனை நாள் எந்தா வராதிருந்நது?" என்று பாதி மலையாளத்தில் கேட்டார்.

விஷ்ணுப்ரியா ரத்தம் எடுக்கக் குழந்தையின் சட்டைக் கையை மடித்துவிட்டாள்.

இரண்டரை மணிக்கு ஸ்நேகாவுக்கு வேர்த்தது. "அம்மா, பசிக்கறது," என்றாள். காய்ச்சலின் முதல் நாளில் அவள் அப்படிக் கேட்டதே இல்லை.

எதிர் ஹோட்டலில் இட்லி வாங்கி, சர்க்கரை தொட்டு ஊட்டினாள். இரண்டாவது இட்லி பாதியில் குழந்தை தலையைத் திருப்பிக்கொண்டது. கரமனை வீட்டிலிருந்து உடலை எடுக்கும்வரை வீட்டார் யாரும் சாப்பிடக் கூடாது. விஷ்ணுப்ரியா தட்டைத் தன் பக்கம் இழுத்து, மிச்ச இட்லியை சாம்பாரில் தொட்டு, மெதுவாக மென்று தின்றாள்.