டேப் ஒட்டிய சாக்கெட்

என் கணவர் கையில் டேப் கிடைத்தால் போதும், உலகத்தையே ஒட்டிவிடுவார். மூக்குக்கண்ணாடி உடைந்தால் டேப், செருப்பு பிய்ந்தால் டேப். இத்தனை வருடம் சிரித்துக்கொண்டேதான் குடித்தனம் நடத்தினேன். நான் வரைந்த வீட்டிலும் அந்தக் கைவரிசையைக் காட்டுவார் என்று கனவிலும் நினைக்கவில்லை.

வீட்டுக்கு பிளான் வரைவது நான், கட்டுவது அவர். இது அவருடைய தங்கையின் வீடு. பாதி வருடம் பனி உறையும் ஊர். குறைமாதத்தில் பிறந்த அவள் குழந்தைக்குக் குளிர் பட்டால் மூச்சு இழுக்கும். அதனால்தான் சுவருக்குள் ஒரு முழத்துக்குக் குளிர் தடுக்கும் பஞ்சு, மூன்றடுக்குக் கண்ணாடி ஜன்னல், பஞ்சுக்கு உள்பக்கம் காற்றுப் புகாத ஷீட். சூடு வெளியே போகாது என்ற தைரியத்தில் ஒரே ஒரு சின்ன ஹீட்டர் வைத்தேன். ஷீட் கிழிந்தால் அந்த ஹீட்டரை நம்பிப் பிரயோஜனமில்லை.

காலையில் வாசற்கதவில் பெரிய ஃபேனைப் பொருத்தி, வீட்டுக்குள் இருக்கும் காற்றை வெளியே இழுக்கவிட்டேன். எங்காவது ஓட்டை இருந்தால் வெளிக்காற்று அதன் வழியாக உள்ளே சீறும். எங்கும் சீறவில்லை. கசிவை அளக்கும் மீட்டரும் குறைந்த அளவையே காட்டியது. "நீங்க கட்டினதுலயே இதுதான் பெஸ்ட்" என்று வாயாரப் புகழ்ந்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன், மடச்சி.

மதியம் நாத்தனார் குழந்தையோடு வந்தாள். தொட்டில் போடும் அறையில் போன் சார்ஜரைச் செருகப் போனாள்.

"அண்ணி, பின்னு உள்ள போகமாட்டேங்குது. ஏதோ பிசுபிசுன்னு இருக்கு."

சாக்கெட்டின் மேல் கண்ணுக்கே தெரியாத டேப். பக்கத்து சாக்கெட்டிலும் அதேதான். மூடியைக் கழற்றினேன். உள்ளே ஷீட் கந்தலாகத் தொங்கியது. டெஸ்டுக்காக என் கண்ணிலேயே மண்ணைத் தூவியிருக்கிறார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது.

"எலக்ட்ரீஷியன் அவசரத்துல கிழிச்சுட்டான்" என்றார். "அதுக்காக பெயிண்ட் அடிச்ச சுவரை உடைக்கச் சொல்றியா? டெஸ்ட்தான் பாஸ் ஆயிடுச்சே, விடேன்."

"இந்த ரூம்ல மீட்டரா படுக்கப்போகுது? உங்க தங்கச்சி குழந்தைதாங்க!"

"கத்தாத. ஒரு சாக்கெட் ஓட்டையில என்ன குளிர் வந்து கொட்டப்போகுது?"

இதற்குமேல் வாயால் பேசிப் பயனில்லை. எல்லா டேப்பையும் பிய்த்தெறிந்தேன். நாத்தனாரை அந்தச் சுவரோரம் உட்காரச் சொல்லிவிட்டு ஃபேனை மறுபடி ஓடவிட்டேன். "வெளியில பலமா காத்தடிச்சா இப்படித்தான் இருக்கும், பாத்துக்கோ" என்றேன்.

ஜன்னல்கள் எல்லாம் மூடியே இருந்தன. ஆனாலும் அவள் மடியில் தூங்கிய குழந்தையின் பூப்போன்ற தலைமுடி எழுந்து ஆடியது. குழந்தை சிணுங்கி, இருமத் தொடங்கியது.

அவள் அதன் தலையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். என் கணவரின் கை, பழக்கதோஷத்தில், சட்டைப் பைக்குப் போனது.

"அண்ணா, டேப்பை எடுக்காத" என்றாள். "சுத்தியலை எடுத்துட்டு வா."