ஒரு பொட்டு சிவப்பு

கேட்ஸ்கில் மலையில் எங்கள் அருவி கோடையில் வற்றிவிடும். ஹோட்டல்காரர் விடுவாரா? மேலே அணை கட்டி மதகு வைத்துவிட்டார். நியூயார்க்கிலிருந்து காற்று வாங்க வரும் பெரிய இடத்துக்காரர்கள் காசு கட்டினால், கீழே பாறையில் நிற்கும் என் கணவன் ஹார்மன் சிவப்புத் துணியை ஆட்டுவான். மேலே நான் மதகைத் திறப்பேன். பத்து நிமிடம் இயற்கை அழகு கொட்டும். பிறகு மூடிவிடுவேன்.

1856 ஆகஸ்டில் தோர்ப் என்ற ஓவியர் கீழே குடை விரித்து உட்கார்ந்தார். அருவியின் விளிம்பில் பட்ட மரம் ஒன்று குறுக்கே கிடந்தது. அது அவர் கண்ணை உறுத்தியதாம். மேலே ஏறி வந்து ஹார்மனைப் பிடித்தார்.

"அந்தக் கட்டைய வெட்டித் தள்ளிடுப்பா. அசிங்கமா இருக்கு. அப்புறம் தண்ணி விடுங்க. வெயில் சாயறதுக்குள்ள வேணும்."

"அங்க பாசி வழுக்கும்யா," என்றேன்.

"உன் புருஷன் ஆடு மாதிரி ஏறுவான்னாங்களே?"

ஹார்மன் இளித்தான். யாராவது புகழ்ந்துவிட்டால் போதும், கிணற்றிலும் குதிப்பான் மடையன். சிவப்புத் துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு கோடரியை எடுத்தான்.

"வெட்டிட்டு நேரா பாறைக்கு இறங்கிடுவேன்டி. அங்கேர்ந்து சிவப்பு தெரிஞ்சா திற."

"விழுந்து தொலைச்சே, ராத்திரிக்கு ரொட்டி கிடையாது, சொல்லிட்டேன்."

மதகிலிருந்து விளிம்பு தெரியாது. இலைகளுக்கு நடுவே கீழ்ப்பாறை மட்டும் தெரியும். கோடரிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. இறங்குகிறான் என்று நினைத்தேன். மதகுச் சக்கரத்தைப் பிடித்தபடி பாறையையே பார்த்தேன். கடைசியில் பாறையில் சிவப்பு அசைந்தது. திறந்தேன். தண்ணீர் பாய்ந்தது.

டொக்.

மறுபடியும் கோடரிச் சத்தம். "ஹார்மன்!" என்று கத்திக்கொண்டே சக்கரத்தைத் திருப்பினேன். மதகு மூடியது. போன தண்ணீர் போனதுதான்.

கீழே ஓடினேன். பாதி உயரத்திலிருந்த திட்டில், வெட்டிய மரத்துக்கு அடியில் கிடந்தான். உயிர் இருந்தது. ஒரு முழங்கால் கூழாகியிருந்தது. வெட்டுக்கு நடுவே மூச்சு வாங்கத்தான் கோடரியை நிறுத்தியிருக்கிறான்.

பாறையில் லிடியா என்ற சீமாட்டி சிவப்புச் சால்வையுடன் நின்றிருந்தாள். அத்தனை பச்சைக்கு நடுவே ஒரு பொட்டு சிவப்பு இருந்தால் படம் எடுப்பாக இருக்கும் என்று தோர்ப்தான் நிறுத்தியிருக்கிறார். சால்வை காற்றில் ஆடியது. அவளோ முகம் வெளுத்து அழுதாள். தோர்ப் தூரிகையும் கையுமாக எழுந்து வந்தார்.

"அதுக்குள்ள தண்ணிய ஏம்மா நிறுத்தினே?"

அவரை அருவியில் தள்ளியிருக்க வேண்டும். தள்ளவில்லை. திறந்த கை என்னுடையது.

ஹார்மனின் காலை எடுத்துவிட்டார்கள். மறு கோடையில் அந்தப் படம் ஹோட்டல் கூடத்துக்கு வந்தது. தரை துடைக்கப் போனபோது பார்த்தேன். பொங்கி விழும் தண்ணீர். பாறையில் ஒரு பொட்டு சிவப்பு. விளிம்பில், குறுக்கே, அதே பட்ட மரம். ஒவ்வொரு கிளையும் பார்த்துப் பார்த்து வரைந்திருந்தது.

"அந்த மரம்தாங்க படத்துக்கே உயிர்!" என்றார் ஒரு விருந்தாளி.

வீட்டுக்கு வந்ததும் ஹார்மன் ஊன்றுகோலை ஊன்றி எழுந்தான்.

"பார்த்தியாடி? நான் வெட்டின இடம் படத்துல எப்படி இருக்கு?"

"சுத்தமா இருக்கு," என்றேன்.