வண்டி வரட்டும்

போன் அடித்தபோது பவித்ரா, அப்பா துளசிங்கத்தின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அவசரத்துக்கு வெள்ளைத் துணி அகப்படவில்லை. தன் பழைய துப்பட்டாவின் ஓரத்தைக் கிழித்திருந்தாள், அதுவும் மஞ்சள். போன் அப்பாவின் சட்டைப் பையிலேயே இருந்தது. அது அதிர அதிர நெஞ்சு அசைவது போல் தெரிந்தது. ஒரு நொடி ஏமாந்துபோனாள். பிறகு, சீ, என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

"ஜெகன்தான்" என்றாள் அம்மா வசந்தா. கட்டிலின் தலைமாட்டில், முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எடு."

"எடுத்து இன்னான்னு சொல்றது?"

"நைனா வலை இஸ்துனு கீறாருன்னு சொல்லு. சிக்னல் இல்ல, மூஞ்சி தெரியாதுன்னு சொல்லு. எடுக்கலன்னா ஊருக்கெல்லாம் போன் பண்ணுவான்."

பவித்ரா எடுத்தாள். தங்கள் பக்கத்துக் கேமராவை விரலால் மூடிக்கொண்டாள். "சொல்லுணா. நைனா வலையில கீறாரு. போனு எங்கைல கீது."

"நீயும் படகுல வந்துட்டியா? சரி, அப்படியே சாத்தி வெய்யி. ஆரம்பிக்கப் போறாங்க" என்றான் ஜெகன். அவன் பின்னால் ஆயிரம் பேர் இரைகிற இரைச்சல். போன் திரும்பியது. வெள்ளை வெளேரென்று ஒரு பனித்தரை சின்னத் திரைக்குள் வந்து நின்றது. இந்தப் பக்கத்துப் பேச்சு அவனுக்குக் கேட்காதபடி பவித்ரா மைக்கை அணைத்தாள்.

கனடாவில் பெயர் வாயில் நுழையாத ஏதோ ஒரு ஊரில், மீனை வெட்டி டப்பாவில் அடைக்கிற ஃபேக்டரியில் அண்ணனுக்கு வேலை. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கான்ட்ராக்டில் இருந்தவன், ஏஜென்ட் பிடித்துப் போய்ச் சேர்ந்தான். மீன் நாற்றம் பிடிக்காமல் ஊரைவிட்டுப் போனவனுக்கு அங்கேயும் மீன்தான் விதித்திருந்தது என்று துளசிங்கம் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். அந்த ஊருக்கென்று சம்பளத்துக்கு ஆடுகிற ஐஸ் ஹாக்கி டீம் ஒன்று உண்டு. கத்தி வைத்த பூட்ஸ் மாட்டிக்கொண்டு, வளைந்த கட்டையால் ஒரு கறுப்பு வில்லையைத் துரத்துகிற ஆட்டம். அந்த ஊரிலேயே நடக்கிற எல்லா ஆட்டத்துக்கும் ஜெகன் சீசன் டிக்கெட் எடுத்திருந்தான், கடைசி வரிசையில். ஆட்டத்தின் மேல் ஆசை என்று சொல்ல முடியாது. வாரத்தில் ஒரு நாளாவது மனுஷர்களுக்கு நடுவில் உட்கார வேண்டியிருந்தது.

அங்கே ராத்திரி ஆட்டம் தொடங்குகிற நேரம் இங்கே விடியற்காலை, படகு ஏரியில் இருக்கிற நேரம். முதல் வருடம் சும்மா காட்டுகிறேன் என்று போன் போட்டான். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. துளசிங்கம் போனைப் படகின் குறுக்குப் பலகையில் சாத்தி வைத்துவிட்டு வலையை இழுப்பார். மகன் அங்கே உட்கார்ந்திருப்பான், அப்பா இங்கே. வெளியூர் ஆட்டங்களைப் பற்றி இருவருக்கும் கவலையே கிடையாது.

ஆட்டம் அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. உறைந்துபோன ஏரியின் மேல் ஆடுகிறார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். கட்டடத்துக்குள் போட்ட தரை என்று ஜெகன் எத்தனை முறை சொல்லியும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முதல் கேள்வி அதுதான்: "அடியில மீனு இருக்குமாடா?" ஆட்டத்தை விட அவருக்குப் பிடித்தது, நடுநடுவே ஆட்டக்காரர்கள் உள்ளே போனதும் வருகிற வண்டி. கீறல் விழுந்த பனியை வழித்துக்கொண்டு, பின்னால் தண்ணீரைப் பூசிக்கொண்டே சுற்றிச் சுற்றிப் போகும். போன இடம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். "வண்டி வரட்டும், அப்பால கட் பண்ணு" என்பார். ஆட்டம் முடிந்த பிறகும் வண்டி வந்து போனால்தான் போனை வைப்பார்.

இன்று கோழி கூவும் முன் எழுந்து, சட்டையை மாட்டி, போனைப் பையில் போட்டுக்கொண்டவர், நெஞ்சு அடைக்கிறது என்று கட்டிலில் உட்கார்ந்தார். பவித்ரா இரண்டு கையாலும் அவர் மார்பை அழுத்திப் பார்த்தாள். வசந்தா உள்ளங்காலைத் தேய்த்தாள். ஆம்புலன்ஸ் திருப்பாலைவனம் தாண்டிவிட்டது என்று போனில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிட்டது. இனி வரவேண்டாம் என்று இவர்களே சொல்லிவிட்டார்கள்.

அப்போதே வீறிட்டிருக்க வேண்டிய வசந்தா, வாயைப் பொத்திக்கொண்டாள்.

காரணம் துளசிங்கமே சொல்லி வைத்ததுதான். போன குளிரில், ஜெகனோடு வேலை பார்த்த பஞ்சாபிப் பையனுக்கு ஊரிலிருந்து சாவுச் செய்தி வந்தது. அழுதுகொண்டே காரை எடுத்தவன், பனிச் சாலையில் சறுக்கிப் பாலத்தில் மோதி மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஜெகன் போனில் அதைச் சொன்னபோது துளசிங்கம் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, அவன் காதுபடவே சொன்னார்: "எதுவா இருந்தாலும் பையன் வூட்டுக்குப் போய் சேந்தானான்னு கேட்டுட்டு அப்பால சொல்லணும். அதான் முறை."

"அவரு வாயால சொன்னது" என்றாள் வசந்தா இப்போது, காற்றுக் குரலில். "ஆட்டம் முடிஞ்சி, வூட்டுக்குப் போய் சேரட்டும். அதுவரிக்கும் இந்த வூட்ல சத்தம் வரக்கூடாது."

வசந்தாவின் தம்பி ராஜவேலு சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். அக்கா வீட்டுக்காரரோடு ஒரே படகில் போகிறவன். "க்கா, அது ஞாயந்தான். ஊரு இன்னா ஆவறது? இன்னிக்கு பாடு நம்முது. எல்லாரும் தண்ணில எறங்கப் போறாங்க. பொணத்த வூட்ல வெச்சிக்கினு வாய மூடிக்கினு இருந்தோம்னா நாளைக்கு எவனாவது நம்ம மூஞ்சில முழிப்பானா?"

அவன் சொன்னதிலும் தப்பில்லை. ஊரில் பிணம் கிடக்கையில் யாரும் ஏரியில் வலை வைக்கக் கூடாது. தெரியாமல் வைத்தாலும், விழுந்ததை விற்கவோ தின்னவோ கூடாது, தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். பெண்களின் அழுகைதான் அதற்கு அறிவிப்பு. ஒரு வீட்டில் ஒப்பாரி கிளம்பினால் கரையில் துடுப்பைக் கீழே வைத்துவிடுவார்கள். மழை ஓய்ந்து இறால் ஏறுகிற மார்கழி வேறு. நல்ல நீரோட்டம் உள்ள இடங்களில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்திருந்தார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். ஒரு பாடு போனால் மறுபடி வரக் காத்திருக்க வேண்டும்.

வாசலில் கோபாலின் குரல் கேட்டது. வேறொரு வலைக் கூட்டத்துப் படகுக்காரன். "இன்னா துளசிங்கண்ணே, பாட்ட வெச்சிக்கினு தூங்குற? நீரு திரும்பிடப் போவுது!"

ராஜவேலு அக்காவைப் பார்த்தான். அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். தம்பியை அவள் கும்பிட்டு பவித்ரா பார்த்ததில்லை.

அவன் வெளியே போய்க் கதவை இழுத்துச் சாத்தினான். "மாமாவுக்கு ஜொரம். நீங்க வெச்சிக்கங்க இன்னிக்கி."

"நெஜமாவா? பாட்டையே வுட்டுத் தர்ராரா? ஜாஸ்தியா கீதா ஜொரம்?"

"தூங்குறாரு."

"அப்ப நல்லதா நாலு இறாலு எடுத்தாந்து தரேன், கொழம்பு வெச்சிக் குடுக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டுக் கோபால் சந்தோஷமாகப் போனான். கோல் ஊன்றுகிற சத்தமும் பேச்சும் கரையிலிருந்து நகர்ந்து ஏரிக்குள் போயின.

பவித்ரா மைக்கை மறுபடி திறந்து, தன் நெற்றிப் பொட்டைக் கேமராவின் மேல் ஒட்டிவிட்டு, போனைத் தண்ணீர்க் குடத்தின் மேல் சாத்தி வைத்தாள், அப்பாவின் பக்கமாக. ஏன் அப்படி வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. திரையில் நீலச் சட்டையும் சிவப்புச் சட்டையும் முட்டிக்கொண்டு பனித்தரை ஓரத்துப் பலகையில் மோதின. ஜெகன் அவ்வப்போது பேசினான்.

"பாத்தியா, ஒண்ணு போட்டுட்டாங்க நம்ம ஆளுங்க."

"ம்ம்."

"நைனா இன்னா சொல்றாரு?"

"கையி ஈரமா கீதாம். நீ பாரு."

அவளுக்கு எரிச்சல் மூண்டது. மார்பை அழுத்தியவள் இவள். கண்ணை மூடிவிட்டவள் இவள். இறால் கம்பெனியில் பொறுக்கிப் பிரிக்கிற வேலையை விட்டுவிட்டுப் போக வேண்டிய கல்யாணம் எதுவும் வேண்டாம், நைனாவோடேயே இருக்கிறேன் என்று ஊர்வாய்க்கு அவல் ஆனவளும் இவள். அழுவதற்குக் கூட அண்ணனின் ஆட்டம் முடியவேண்டுமாம். போனைத் தூக்கி 'நைனா செத்துட்டார்டா' என்று கத்தினால் என்ன? கத்தவில்லை. அம்மாவின் வாயில் முந்தானை பாதிவரை போயிருந்தது. கழுத்து நரம்பு மட்டும் எழுந்து எழுந்து அடங்கியது.

முதல் பகுதி முடிந்து வண்டி வந்தது. ஜெகன் ஒன்றும் பேசாமல் போனை அதன் பின்னாலேயே திருப்பிக்கொண்டு போனான். இரண்டாம் பகுதி முடிந்தும் அப்படியே. பவித்ரா இதற்கிடையில் அப்பாவின் முகத்தைத் துடைத்து, தாடையைச் சேர்த்துக் கட்டினாள். ராஜவேலு வாசற்படியில் உட்கார்ந்து, வெயில் ஏறுவதையும் படகுகள் பாடு வைத்த இடத்தில் நிற்பதையும் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருமுறை தலையில் அடித்துக்கொண்டான், சத்தம் வராமல்.

மூன்றாம் பகுதியில் ஜெகன் பேச்சே இல்லை. அவன் டீம் ஜெயித்தது போலிருந்தது, எல்லோரும் எழுந்து நின்று கத்தினார்கள். இரைச்சல் வடிந்து, நாற்காலிகள் மடங்குகிற சத்தம் கேட்டு, அதுவும் ஓய்ந்தது.

"பவி."

"சொல்லுணா. நீ வூட்டுக்குப் போ. போயிட்டு போன் பண்ணு."

"எப்போ ஆச்சி?"

பவித்ரா அம்மாவைப் பார்த்தாள். அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுணா?"

"படகுப் பலகையில தண்ணி அடிக்கிற சத்தமே கேக்கல. மீனு கீதான்னு நைனா கேக்கல." அவன் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, மூக்கு மட்டும் அடைத்திருந்தது. "மொத பகுதிலயே தெரிஞ்சிப் போச்சி. கேட்டா நீ சொல்லிடுவ. சொன்னா நான் எந்திரிச்சி காரை எடுப்பேன். நைனா சொல்லிக்கிறாரு இல்ல. அதான் உக்காந்துக்கினு இருந்தேன்."

பவித்ராவின் எரிச்சல் போன இடம் தெரியவில்லை. அவ்வளவு பெரிய கொட்டகையில், கத்துகிற கூட்டத்தின் நடுவே, கடைசி வரிசையில் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைத்தாள். இந்த வீட்டில் மூன்று பேர் இருந்தோம், அவன் ஒருத்தனாக இருந்தான் என்று பட்டது.

"கருக்கல்ல. நெஞ்சு அடைச்சி. ரொம்ப நேரம் கஷ்டப்படல" என்றாள்.

"என்னால வர முடியாது பவி. பேப்பர் இன்னும் கையில வரல. இப்ப கெளம்பினா திரும்ப உள்ள வுட மாட்டாங்க."

"தெரியும்ணா."

"மாமாவ கொள்ளி வெக்கச் சொல்லு. என்கூட வேலை செய்யறவன் ஒருத்தன் வரான், அவன் காருல போயிடுவேன். அம்மாகிட்ட சொல்லு, நான் ஓட்டலன்னு."

"அம்மா கேட்டுனுதான் கீது."

ராஜவேலு அதற்குமேல் நிற்கவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை உருவிக்கொண்டு கரைக்கு ஓடினான். திறந்த கதவு வழியாக, முழங்கால் தண்ணீரில் நின்று அவன் துண்டைத் தலைக்குமேல் சுற்றுவது தெரிந்தது. படகுகளில் ஒவ்வொன்றாக ஆட்கள் நிமிர்ந்தார்கள். கோபால் கொஞ்ச நேரம் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக் கரையைப் பார்த்தான். பிறகு குனிந்து, வலையின் மடியை அவிழ்த்து, கொட்டினான். காலையெல்லாம் விழுந்த இறால் வெயிலில் மினுங்கிக்கொண்டு தண்ணீருக்குள் போயிற்று.

"ம்மா" என்றான் ஜெகன் போனில். "வண்டி வருது."

யாரும் இல்லாத கொட்டகையில் வண்டி இறங்கியிருந்தது. கீறலும் ரத்தப் பொட்டும் எச்சிலுமாகக் கிடந்த தரையை ஓரத்திலிருந்து வழித்துக்கொண்டு, நிதானமாகச் சுற்றியது. போன இடமெல்லாம் ஈரமாகப் பளபளத்தது. பவித்ரா போனை எடுத்துக் கட்டிலின் மேல், அப்பாவின் தோளுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள். நடுவில் வழிக்காத ஒரு கீற்று மட்டும் பாக்கி இருந்தது. வசந்தா வாயிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டு, வண்டி திரும்பி வருவதற்காகக் காத்திருந்தாள்.