கண்ணாடி ஒரு பள்ளிக்கு, காது ஒரு பள்ளிக்கு

அச்சகத்தில் பிழை பார்க்கிற பெண்மணி ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மூன்று பத்துக்கு, பேருந்து நிறுத்தத்தில் நின்ற நிலையிலேயே இரண்டு பேர் ஆனாள். அன்று வெயில் சுமார்தான். நிறுத்தத்தில் காத்திருந்தவர்களில் ஒருவர் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு இடம் கொடுத்தார். இன்னொருவர், ஏற்கெனவே கூட்டம், இதில் இப்படி வேறா என்று முணுமுணுத்தார். மற்றவர்கள் பேருந்து வருகிற திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

காரணம் யார் என்று கேட்டால் இரண்டு பள்ளிக்கூடங்களைத்தான் கை காட்ட வேண்டும். பதின்மூன்று வயது மகள் படித்தது மேட்டுப் பள்ளியில், ஒன்பது வயது மகன் படித்தது பாலத்துப் பள்ளியில். இந்த இரண்டு தலைமை ஆசிரியர்களுக்கும் எதிலும் ஒத்துப்போகாது. ஒருவர் மழைக்கு விடுமுறை விட்டால் மற்றவர் குடை எடுத்து வரச் சொல்வார். ஆனால் விழா நாள் என்று வந்தால் மட்டும் சொல்லி வைத்தாற்போல ஒரே தேதி, ஒரே நான்கு மணி. நான்கு வருடமாக இதே கதை. ஒரு வருடம் பொறுக்க முடியாமல் அவள் இரண்டு பேருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதி, தேதியைக் கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டாள். இரண்டு பேருமே பெருந்தன்மையாகச் சம்மதித்து, ஒரே புதிய தேதிக்குத் தள்ளி வைத்தார்கள். நன்றிக் கடிதம் எழுதுவதா வேண்டாமா என்று அவள் இரண்டு நாள் யோசித்தாள்.

அவள் கணவன் கப்பலில் இயந்திர அறையில் வேலை பார்த்தான். வருடத்தில் ஒன்றரை மாதம் வீட்டில் இருப்பான், அந்த ஒன்றரை மாதத்தில் எந்தப் பள்ளியும் எந்த விழாவும் நடத்தியதாகத் தகவல் இல்லை. போனில் பிரச்சினையைச் சொன்னால், "இதுக்குப் போய் ஏன் மண்டைய உடைச்சுக்குற, ரெண்டுக்கும் போயிடு" என்பான். கடலில் இருப்பவர்களுக்குத் தரையில் நடப்பதெல்லாம் சுலபமாகத்தான் தெரியும்.

முதல் வருடம் மகளுக்குப் போனாள், மகன் அழுதான். அடுத்த வருடம் மகனுக்குப் போனாள், மகள் ஒரு வாரம் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்றாம் வருடம் பாதி இங்கே பாதி அங்கே என்று திட்டம் போட்டு, இரண்டு இடத்திலும் வரவேற்புரையை மட்டும் கேட்டாள். போன வருடம் டாக்ஸி வைத்து ஓடினாள். மேட்டுப் பள்ளிக்குள் நுழைந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள், பாலத்துப் பள்ளியில் காவலாளி கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்தால் மகள் கோபிக்கவில்லை, மகன் அழவில்லை. "பரவால்லம்மா" என்றான் மகன். மகள் அதைக்கூடச் சொல்லவில்லை. இந்த வருடம் இரண்டு பேருமே விழா இருப்பதையே அவளிடம் சொல்லவில்லை. மகனின் பென்சில் டப்பாவுக்கு அடியில் நான்காக மடித்த சுற்றறிக்கையும், மகளின் பைக்குள் அதே தேதி போட்ட இன்னொன்றும் அவள் கையில் தற்செயலாகத்தான் சிக்கின. மகள் தனியாகப் பாடுகிறாள், மகன் நானூறு மீட்டர் ஓடுகிறான். கோபித்துக்கொள்ளும் பிள்ளையை எப்படியாவது சமாதானப்படுத்திவிடலாம், கூப்பிடுவதையே விட்டுவிட்ட பிள்ளையை என்ன செய்வது? இந்த முறையும் தவறவிட்டால் இனி எதற்குமே கூப்பிட மாட்டார்கள் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பயத்தோடுதான் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நிறுத்தத்துக்கு வந்தாள், வந்த இடத்தில் இரண்டு பேர் ஆனாள்.

இரண்டு பேருக்கும் ஒரே சாம்பல் நிறச் சட்டை, ஒரே காலர் ஓரத்தில் ஒரே மைக்கறை. உடுப்பு, செருப்பு, கைப்பை எல்லாமே இரண்டாகிவிட்டன. ஆகாதவை இரண்டே பொருள்கள்தான், அவளுடைய கண்ணாடியும் காது மிஷினும். பத்தொன்பது வருடமாக, மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைக்கிற, ஒருவரும் படிக்காத அந்தத் தாள்களில் எறும்பு சைஸ் எழுத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் போயிருந்தது. பக்கத்து அறை இயந்திரத்தின் சத்தத்தில் காது போயிருந்தது. கண்ணாடி இல்லாவிட்டால் ஆளும் மரமும் ஒன்று, மிஷின் இல்லாவிட்டால் இடி இடித்தாலும் யாரோ கதவைச் சாத்துகிறார்கள் என்பாள்.

இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து பேசினார்கள். முதலில் இரண்டு பேருமே மகளிடம் போக ஆசைப்பட்டார்கள், உடனே மனசு கேட்காமல் இரண்டு பேருமே மகனிடம் போவதாகச் சொன்னார்கள், பிறகு நீயே போ, இல்லை நீயே போ என்று ஐந்து நிமிடம் விட்டுக்கொடுத்தார்கள். ஒரு வழியாக முடிவுக்கு வந்தார்கள். பாட்டுக்குப் போகிறவளுக்குக் காது மிஷின், ஓட்டத்துக்குப் போகிறவளுக்குக் கண்ணாடி. சின்னப் பிள்ளைகூடச் சொல்லும், சரியான முடிவு. ஆளுக்கொன்றைக் கையில் எடுத்தும் கொண்டார்கள்.

அங்கேதான் தொழில் காலை வாரிவிட்டது. அந்த அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிழை பார்க்கிறவர்கள் ஜோடியாகத்தான் உட்காருவார்கள். தன் தாளைப் பார்த்து முடித்தவள் "சரி" என்று சொல்லி எதிரில் இருப்பவளிடம் நீட்ட வேண்டும், அவள் தாளைத் தான் வாங்கிக்கொண்டு இன்னொரு முறை பார்க்க வேண்டும். ஒரு கண்ணுக்குத் தப்பியது மறு கண்ணுக்குச் சிக்கும் என்பது கணக்கு. பத்தொன்பது வருடத்தில் இது அவள் எலும்பு வரை ஊறிவிட்டது. சாப்பாட்டு மேஜையில்கூட, மறதியாகத் தன் தட்டை மகனிடம் நீட்டிவிட்டு அவன் தட்டை வாங்கிச் சாப்பிட ஆரம்பித்துவிடுவாள். முடிவு எடுத்ததும் இரண்டு பேரும் ஒரே குரலில் "சரி" என்றார்கள், ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள், கண்ணாடி அந்தப் பக்கம் போயிற்று, மிஷின் இந்தப் பக்கம் வந்தது. இரண்டு பேருந்துகளும் அதே நிமிடம் வந்து நின்றன. தப்பு நடந்துவிட்டது என்று உறைத்தபோது ஒருத்தி மேட்டுப் பாதையிலும் மற்றவள் பாலத்தின் மேலும் இருந்தாள். ஊரில் அச்சாகிற மருந்துத் தாளிலெல்லாம் புள்ளி பிசகாமல் பார்த்த பெண்மணிக்கு இந்தப் பிழை மட்டும் கண்ணில் படவில்லை.

மிஷின்காரி மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். எதிரே பச்சையாக ஒரு பரப்பு, அதில் வெள்ளையாகச் சில அசைவுகள். அதில் எது தன் பிள்ளை என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். விசில் ஒலித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள், எப்படியும் அது உபயோகமில்லை. மகனுக்கு ஓடும்போது இடது மூக்கில் மெல்லிய ஒரு கீச்சொலி வரும், அது அவளுக்கு நன்றாகத் தெரியும். முதல் கூட்டம் தடதடவென்று கடந்து போனதில் அப்படி ஒன்று கேட்டது. "ஓடு கண்ணா, நீதான் முதல்ல, விடாதே" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அது சளி பிடித்த வேறு ஒரு பையன். அவன் திரும்பி இவளைப் பார்த்து ஒன்றும் புரியாமல் இன்னும் வேகமாக ஓடி, கடைசியில் இரண்டாம் பரிசும் வாங்கினான். எல்லோரும் கடந்து மைதானம் அடங்கிய பிறகுதான், தன்னந்தனியாக, சரியான அந்தக் கீச்சொலி வந்தது. அவளுக்கு அவன் எத்தனையாவது என்று தெரியாது. தன் பிள்ளையின் மூச்சு வருகிறது, அவ்வளவுதான் தெரியும். முன்னால் கத்தியதைவிட இரண்டு மடங்கு கத்தினாள். பரிசு மேடைப் பக்கம் திரும்பிவிட்ட ஆட்களெல்லாம், யாரோ முதலில் வருகிறான் போலிருக்கிறது என்று மறுபடியும் இந்தப் பக்கம் திரும்பினார்கள். அத்தனை பேர் பார்க்க, மகன் கடைசியாக வந்து கோட்டைத் தொட்டான்.

"அம்மா, நான் கடைசிம்மா" என்றான் மூச்சு வாங்கிக்கொண்டே.

"அதெல்லாம் எனக்குத் தெரியல கண்ணா. நீ நடுவுல நிக்கவே இல்ல. அது கேட்டுச்சு."

"எல்லாரும் பாத்தாங்க, மானமே போச்சு" என்றான். சொல்லிவிட்டு, அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டே குழாயடி வரை நடந்தான்.

மேட்டுப் பள்ளி அரங்கில் கண்ணாடிக்காரி மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது, ஒன்றும் கேட்கவில்லை. மகள் மேடைக்கு வந்ததும் வலது கட்டைவிரலை இடது கையால் கிள்ளிக்கொள்வது தெரிந்தது. ஊசி போடப் போகும்போது மூன்று வயதில் செய்வாளே, அதேதான். அம்மா வருவாள் என்று எதிர்பார்க்காததால் மகள் வரிசைகளைப் பார்க்கவே இல்லை, எதிர்ச் சுவரைப் பார்த்துப் பாடினாள். வீட்டில் குளியலறைக் கதவு வழியாக ஒரு மாதமாகக் கேட்ட பாட்டுதான், அதனால் வாய் அசைவை வைத்தே அம்மா கூடவே போனாள். இரண்டாம் சரணத்தின் நடுவில் மகளின் வாய் நின்றது. பியானோக்காரர் அதே வரியை ஒரு முறை வாசித்தார், இன்னொரு முறை வாசித்தார், மூன்றாம் முறையும் வாசித்தார். அரங்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் செருப்பைப் பார்க்க ஆரம்பித்தார்கள். மகளுக்கு வரி மறந்துவிட்டது. சுவரில் அது எழுதியிருக்கவில்லை, அதனால் அவள் கண்ணை இறக்கி முகங்களைத் தேடினாள். எல்லா முகமும் குனிந்திருந்தது, ஒன்றைத் தவிர. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, இது பியானோவுக்கான இடம் போலிருக்கிறது என்று நினைத்துத் தலையை ஆட்டி ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கவலையின் சுவடுகூட இல்லை, வாயெல்லாம் பல். மகள் அந்த முகத்தையே பார்த்தாள். வரி வந்தது. மீதியை அவள் பாடி முடித்ததைப் பற்றி இன்றும் அந்தப் பியானோக்காரர் பேசுகிறார்.

வெளியே வந்ததும் மகள் கேட்டாள், "நான் பாதியில மறந்து நின்னேன்ல, நீ ஏம்மா சிரிச்சிட்டே இருந்த?"

அம்மா அவள் உதட்டைப் பார்த்து ஏதோ யூகித்து, "ரொம்ப நல்லா இருந்துச்சு, எங்கயும் நிறுத்தாமப் பாடிட்ட" என்றாள். மகள் அப்போதுதான் அந்தக் காதைப் பார்த்தாள். காது காலியாக இருந்தது. அவள் அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு பேருந்து வரும் வரை அப்படியே நின்றாள்.

அந்தச் சனி ஞாயிறு வீட்டில் இரண்டு அம்மாக்கள் இருந்தார்கள். நாலு மாதமாகத் தள்ளிப்போன துணி மடிப்பு முடிந்தது. கப்பலில் இருந்து போன் வந்தபோது இரண்டு பேரும் மாறி மாறிப் பேசினார்கள், அவன் வித்தியாசம் எதையும் கவனிக்கவில்லை. யார் நிஜ அம்மா என்று பிள்ளைகள் ஒரு முறை சண்டை போட்டார்கள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரே அதட்டுப் போட்டதும் அந்தச் சந்தேகம் தீர்ந்தது. திங்கட்கிழமை காலை வேலைக்கு ஒருத்திதான் கிளம்பினாள். எப்போது ஒன்றானாள் என்று யாரும் குறித்து வைக்கவில்லை. அச்சக மேற்பார்வையாளர் மட்டும், இரண்டு பேர் எடுத்த அரை நாள் விடுப்பு ஒரு நாளாகுமா என்று கேட்டுத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார், பதில் இன்னும் வரவில்லை.

அடுத்த வருடமும் அதே தேதி, அதே நான்கு மணி. கப்பல்காரன் விஷயத்தைக் கேள்விப்பட்டு, ஏதோ துறைமுகத்திலிருந்து இன்னொரு கண்ணாடியும் இன்னொரு காது மிஷினும் வாங்கி அனுப்பியிருந்தான். இனி எந்தக் குறையும் இல்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். மகன் ஒரு வாரத்துக்கு முன்பே சொல்லிவிட்டான், "கண்ணாடிய மறக்காமப் போட்டுட்டு வாம்மா. இந்தத் தடவ நான் கடைசி இல்ல, கடைசிக்கு முன்னாடி. அதக் கண்ணால பாக்கணும் நீ." அவளும் மூன்று பத்துக்கு வழக்கம்போல இரண்டு பேர் ஆகி, இரண்டு கண்ணாடி, இரண்டு மிஷினோடு, சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

மேட்டுப் பள்ளி அரங்கின் வாசலில், பாட்டு உடுப்பில், மகள் காத்துக்கொண்டு நின்றாள். அம்மா வந்ததும் கிட்டே போய், அவள் காதோரத்து முடியை ஒதுக்கி, புது மிஷினை மெதுவாகக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"பாடி முடிச்சதும் தர்றேன்" என்றாள்.

அம்மாவுக்கு அது கேட்கவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு, மூன்றாம் வரிசைக்குப் போய் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.