அறுப்புப் பண்டிகையில் ஏலம் போன புட்டி

என் மகளின் மூத்திரத்தைச் சித்தூர் மிஷன் கோயிலின் அறுப்புப் பண்டிகையில் தேன் என்று ஏலம் விட்டுவிட்டார்கள். அவர்கள்மேல் பிசகில்லை. காணிக்கை மேசையில் அந்தப் புட்டியை வைத்தவன் நான்.

திருப்பதியில் ரயிலேறும்போது என் பையில் ஒரே மாதிரி இரண்டு மருந்துப் புட்டிகள் இருந்தன. ஒன்றில் அலிபிரியில் வாங்கிய மலைத்தேன், காணிக்கைக்கு. மற்றது என் ஒன்பது வயது ஜெயசீலியுடையது, கோயிலை ஒட்டிய ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்கு. தொண்டை நோவு வரும்போதெல்லாம் அவளுக்கு மூத்திரம் கறுத்துப்போகும். ஒரு வைத்தியர் உடம்புச் சூடு என்றார். இன்னொருவர் கர்த்தர் சித்தம் என்றார். பிள்ளை பிழைக்குமா என்று கேட்டால் இருவரும் கூரையைப் பார்த்தார்கள்.

"இந்தத் தரமாவது நேரா பதில் வாங்கினு வாங்க. எதுனா வேடிக்கை பேசிக்கினு நின்னுட்டு வராதீங்க" என்று சொல்லித்தான் என் மனைவி தபீதாள் அனுப்பினாள். காய்ச்சலில் கிடந்த பிள்ளையை அழைத்துவர முடியவில்லை.

ஏலம் போடுகிறவர் புட்டியை வெயிலில் தூக்கிக் காட்டி, "இன்னா நிறம் பாருங்க" என்றபோதுதான் புட்டி மாறிப்போனது எனக்குத் தெரிந்தது. தேன் நிறம்தான். நோய் அப்படி. சபை மூப்பர் தேவானந்தம் மாமா, இருமலுக்கு ஆகும் என்று யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் எடுத்துக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அத்தனை பேர் நடுவே உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. கம்பவுண்டரிடம் காலிப் புட்டி ஒன்று வாங்கி, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒதுங்கி நானே நிரப்பினேன். ஒரே வீடு, ஒரே குழம்பு, ஒரே கிணறு. அப்பனுக்கும் மகளுக்கும் என்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடப் போகிறது என்பது என் விஞ்ஞானம். நான் பள்ளிக்கூட வாத்தியார் என்பதையும் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் கிருபாவதி அம்மாள் அதைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஏதோ ஒரு திராவகம் சொட்டி, விளக்கில் காட்டினார். மேல்பாதி பால் திரிந்ததுபோல் வெளுத்தது.

"வாத்தியாரே, கறுப்பா போவுதுன்னு சொன்னீங்க. இது தெளிவா இருக்கு. ஆனா காய்ச்சினா திரியுது. யாருது?"

"நம்ம வீட்டுதுதாம்மா."

"வீடா பெய்யும்? யாருது?"

சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ தம் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் காதோரம் பிடித்தார். இரண்டு காதிலும் அதன் டிக்டிக் சத்தம் கேட்கவில்லை. தபீதாள் பேசுவதிலும் பாதி எனக்கு விழாது. அதை இல்லறத்தின் பாக்கியம் என்று எண்ணியிருந்தேன்.

"உங்க அம்மா வழியில யாருக்காவது இப்படி உண்டா?"

"தாய்மாமன் ஒருத்தர், செவிடு. சின்ன வயசுலயே முகமெல்லாம் வீங்கிச் செத்துப்போய்ட்டாரு. செய்வினைன்னாங்க."

"செய்வினை இல்ல. குடும்பத்துல இறங்கி வர்ற சிறுநீரக நோய், காதையும் கெடுக்கும். பாப்பாவோடதையும் பாக்கணும். போய் அந்தப் புட்டியை வாங்கிக்கினு வாங்க."

தேவானந்தம் மாமா வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். கையில் புட்டி, பக்கத்தில் கரண்டி.

"மாமா, துன்னுட்டீங்களா?"

"தொறந்தேன். மோந்தேன். மூடிட்டேன்." நான் நீட்டிய அசல் தேனை வாங்கிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன் தேனீ எந்தப் பூவுல உக்காந்துச்சுன்னு மட்டும் சொல்லிட்டுப் போ, ஜீவரத்தினம்."

மகளுடையதை டாக்டரம்மா பூதக்கண்ணாடிக் கருவியின் கீழ் வெகுநேரம் பார்த்தார். ரத்தம் இருக்கிறது என்றார்.

"அப்பன் சொத்து எதுவும் குடுக்கலன்னு இனிமே அவ சொல்ல முடியாது" என்றேன், பழக்க தோஷத்தில். அவர் நிமிர்ந்து என்னையே பார்த்தார். நான் வேடிக்கையை விட்டேன். "என்னாலதானா அம்மா? பிழைப்பாளா?"

அவர் கூரையைப் பார்க்கவில்லை.

"உங்க கிட்டருந்துதான் வந்தது. நீங்க ஒண்ணும் தெரிஞ்சு குடுக்கல. பிழைப்பா. தீர்க்கிற மருந்து கிடையாது, ஆனா பாத்துக்கலாம். கருவாடு, ஊறுகாய் வேணாம், உப்பே கம்மியா. தொண்டை நோவுன்னா அன்னிக்கே கூட்டிக்கினு வாங்க. இந்த நோய் பொம்பளைப் பிள்ளைங்களை பெரும்பாலும் ரொம்ப வாட்டாதுன்னு படிச்சிருக்கேன். ஆம்பளைங்களைத்தான் சீக்கிரம் பிடிக்கும். அந்த உப்புக் கணக்கு உங்களுக்கும்தான். மாசாமாசம் ரெண்டு புட்டி வரணும் வாத்தியாரே. பேர் எழுதி ஒட்டிக் கொண்டாங்க."