ஓயென் பார்த்த வைத்தியம்

கால் உடைந்த தாய்க்கு மருந்தாகப் பூனை வாங்கிக் கொடுத்த மகனை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நான் பெற்று வைத்திருக்கிறேன். பெயர் கவின். சிங்கப்பூரில் கிடங்கு வேலை, அங்கேயே ரூம்.

நான் இருப்பது சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம், பாசிர் கூடாங்கில், லிஃப்ட் இல்லாத அடுக்குமாடியில், நாலாவது மாடி. தொழிற்சாலை கேன்டீனில் எண்ணெய் சிந்திய தரையில் வழுக்கி விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள். கேன்டீன் ஆட்கள் என்னை நாற்காலியோடு தூக்கி வந்து வீட்டில் விட்டார்கள். பாவம், அவர்களை எத்தனை தடவைதான் கேட்பது?

"மறுபடியும் வந்து கண்டிப்பா எக்ஸ்ரே எடுக்கணும் ஆன்ட்டி. கோணலா சேந்துட்டா திரும்ப உடைச்சுத்தான் சரி பண்ணணும்" என்று டாக்டர் லோஷினி சொல்லி அனுப்பியிருந்தார். நின்று சமைக்க முடியாதவளுக்குக் கேன்டீனில் என்ன வேலை?

ஒரு ஞாயிற்றுக்கிழமை கவின் கூண்டோடு வந்தான். உள்ளே செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பூனை. இங்கே அந்த நிறத்துப் பூனை எல்லாவற்றுக்கும் ஓயென் என்றுதான் பெயர்.

"குர்ர்ர்னு சத்தம் போடுது பாத்தீங்களாம்மா? அந்த அதிர்வுல எலும்பு சீக்கிரம் சேருமாம். வீடியோ பாத்தேன்."

"எந்த டாக்டர் சொன்னாரு?"

"லட்சக்கணக்கான பேரு பாத்திருக்காங்கம்மா!"

"பாத்தவங்களுக்கெல்லாம் கால் சேந்துடுச்சாமா?"

சிரித்தான். பூனையை மாவுக்கட்டின் மேல் உட்கார வைத்துப் படம் பிடித்து, குடும்பக் குழுவில் போட்டான். சொந்தக்காரர்கள் இதயம் இதயமாக அனுப்பினார்கள். 'இந்தக் காலத்துல இப்படி ஒரு புள்ளையா!' என்று எழுதியிருந்தாள் என் நாத்தனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பூனைமேல் குறை சொல்ல மாட்டேன். வலியில் புரளும்போது பக்கத்தில் வந்து படுக்கும். அந்தச் சத்தத்தில் மனசு கொஞ்சம் அடங்கும், கண்ணும் அசரும். ஆனால் எழுந்தால் கால் அப்படியேதான் வலித்தது.

எக்ஸ்ரே நாள் வந்தது. கவினுக்குப் போன் போட்டேன்.

"லீவு குடுக்க மாட்டாங்கம்மா. அடுத்த வாரம் பாக்கலாம்லா. ஓயென் கால்மேலதானே படுத்திருக்கு?"

அடுத்த வாரமும் அதே பாட்டு. தினமும் வீடியோ காலில் வருவான். என் முகத்தைக் காட்டினால், "கேமராவக் கொஞ்சம் கீழ காட்டுங்க, ஓயென் தெரியல" என்பான்.

ஒருநாள் ஓயென் சாப்பாட்டைத் தொடவில்லை. மறுநாளும் அப்படித்தான். சொன்னேன்.

"அலமாக்! நேத்தே சொல்றதுக்கு என்னம்மா?"

அன்று மத்தியானமே வாசலில் நின்றான், மூச்சு வாங்க. அவசர லீவாம். கேட்டவுடன் கிடைத்ததாம். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சரி, வந்தவரைக்கும் லாபம் என்று அவசரமாகத் தலையை வாரினேன், ஆஸ்பத்திரி அட்டையை எடுத்துக் கைப்பையில் போட்டேன்.

"பூனை கிளினிக்குக்குப் போற வழியிலதானே ஆஸ்பத்திரி. என்னையும் எறக்கி விட்டுடுடா."

"இப்ப எப்படிம்மா? அது துவண்டு கெடக்கு. உங்களத் தூக்குறதுக்கு ரெண்டு பேரு வேணும். அடுத்த வாரம் சத்தியமா."

என் துண்டிலேயே அதைச் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனான். ஒவ்வொரு படியாக, குலுங்காமல், அவன் மெதுவாக இறங்கும் சத்தம் கீழ்வரைக்கும் கேட்டது. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் போன் வந்தது.

"பயப்படாதீங்கம்மா, முடி உருண்டைதான் சிக்கிக்கிச்சாம். நான் விடலயே, தலையிலேர்ந்து வால் வரைக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிட்டேன். எலும்பெல்லாம் ஜம்முனு இருக்காம்!"

"நல்லதுடா. அதுக்காவது ஒரு மகன் இருக்கானே" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.