தேதி உள்ள பாதி

தெருவே தும்மல் என்று கூப்பிடும் அந்த வேன் ஓட்டுநருக்கு அட்டைப்பெட்டித் தூசி ஆகாது. பிழைப்பு என்னவோ மருந்துப் பெட்டிகளைக் கடை கடையாக இறக்குவதுதான். வேன் வருவதற்கு முன்னால் தும்மல் வந்துவிடும் என்று கடைக்காரர்கள் கிண்டல் செய்வார்கள்.

கிண்டல் செய்த அதே வாய்கள்தான் இப்போது, "தண்ணி போட்டுட்டு ஓட்டியிருப்பான்" என்று கூசாமல் பேசின. கல்யாண வீட்டில்கூட சோடா பாட்டிலோடு ஒதுங்கி நிற்கிற ஆள் அவன். வேன் தடம் மாறிப்போய், சைக்கிளில் வந்த தையல்காரப் பெண்ணைச் சுவரோடு சேர்த்து இடித்துவிட்டது. இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். எழுந்து நடப்பாளா என்று கேட்டால் டாக்டர் பேச்சை மாற்றுகிறார். போலீஸ் இவனை ஊதச் சொன்னது, ஒன்றும் காட்டவில்லை. ரத்தத்தை எடுத்துப் பார்த்தபோது மருந்து காட்டியது. சட்டத்துக்குப் புட்டி வேறு மாத்திரை வேறு இல்லை. நிதானம் இல்லாமல் ஓட்டினாயா என்பதுதான் கேள்வி. காவலில் வைத்துவிட்டார்கள். மாத்திரை எங்கே கிடைத்தது என்று எத்தனை முறை கேட்டாலும், "வீட்ல எங்கயோ கிடந்தது சார்" என்றே சாதித்தானாம்.

அது வீட்டில் கிடந்ததல்ல என்று மருந்துக்கடைக்காரிக்குத் தெரியும். கொடுத்தவளே அவள்தான்.

வழக்கமாக அவனுக்குக் கொடுப்பது வெள்ளை மாத்திரை. அது தூக்கம் வராத வகை. அன்று காலை அது தீர்ந்திருந்தது. புதுச் சரக்கு அவனே இறக்கிவைத்த பெட்டிக்குள் இருந்தது. பெட்டியைப் பிரிக்க அவளுக்குச் சோம்பல். போதாக்குறைக்கு ஒரு காதில் போன், மறுமுனையில் மொத்த வியாபாரியோடு வாய்ச்சண்டை. இழுப்பறையில் பிரித்துக் கிடந்த மஞ்சள் அட்டையில் இரண்டை வெட்டி நீட்டினாள்.

"என்னக்கா, இன்னிக்கு மஞ்சளா இருக்கு?"

"எல்லாம் தும்மலுக்குத்தான், போடு."

தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாள். அவன் இரண்டையும் வாயில் போட்டு, கடையில் இருந்த தண்ணீரையே குடித்துவிட்டுப் போனான். அந்தப் பேச்சு வேறு யார் காதிலும் விழவில்லை. கேட்டவனோ காவலில் இருந்துகொண்டு அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடை வைத்த நாளிலிருந்து கை தவறியதில்லை. அட்டையை வெட்டினால் தேதி அச்சடித்த ஓரத்தில் கத்தரியை வைக்கமாட்டாள், மறு ஓரத்திலிருந்துதான் வெட்டுவாள். மீதி மாத்திரைக்குக் காலாவதித் தேதி தெரிய வேண்டும் இல்லையா? அந்தத் தேதிக்குப் பக்கத்தில்தான் சின்னதாகக் கட்டம் கட்டி, உறக்கம் வரும், வாகனம் ஓட்டக் கூடாது என்று போட்டிருந்தது. அவளுடைய ஒழுங்கு அந்த எச்சரிக்கையைப் பத்திரமாகக் கடையிலேயே நிறுத்திக்கொண்டு, மாத்திரையை மட்டும் ஓட்டுநரோடு அனுப்பிவைத்தது. ரொம்ப நல்ல ஒழுங்குதான்.

மஞ்சள் மாத்திரை கொடுத்ததை அண்ணனிடம் மட்டும் சொல்லியிருந்தாள். கல்லாவில் உட்கார்வது அவர்தான்.

"நாம என்ன அவன் வாயில ஊட்டியா விட்டோம்?" என்றார் அவர். "உன் லைசன்ஸ் போச்சுன்னா ரெண்டு குடும்பமும் நடுத்தெருவுலதான் நிக்கணும். கம்முனு இரு."

அவளும் கம்மென்றுதான் இருந்தாள். சோறு இறங்கவில்லை.

மதியம், கடையில் வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரத்தில், தும்மலின் மனைவி வந்தாள். கைக்குட்டையைப் பிரித்து ஒரு துண்டைக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள். இரண்டு குழியும் காலியான மஞ்சள் அட்டைத் துண்டு.

"அவர் சட்டைப் பையில இருந்துச்சுக்கா. இது என்ன மாத்திரை?"

மருந்துக்கடைக்காரி அதைக் கையில் எடுக்கவில்லை.

"இதுல பேரே இல்லையேம்மா," என்றார் அண்ணன், அவளை முந்திக்கொண்டு. "இந்த மாதிரி ஆயிரம் கடையில விக்குது. யாரைன்னு கேப்பே?"

"வக்கீல் கேக்கச் சொன்னாரு. தெரிஞ்சே போட்டுட்டு ஓட்டியிருந்தா ஜெயில்தானாம். இன்சூரன்ஸ்காரங்களும் கைவிரிச்சிடுவாங்களாம். அந்தத் தையக்காரம்மாவுக்கு வைத்தியம் பார்க்கக்கூட வழி இருக்காது. எழுதாம சொல்லாம யாராவது கொடுத்திருந்தா கேஸ் வேறயாம்." பிறகு சொன்னாள்: "பள்ளிக்கூடத்துல என் பொண்ணைக் குடிகாரன் மகள்னு கூப்பிடறாங்கக்கா."

அண்ணனின் கை மெல்ல இழுப்பறைப் பக்கம் போனது. தேதி உள்ள பாதி அதற்குள்தான் கிடந்தது. அதற்குப் பக்கத்திலேயே குப்பைக்கூடை. அவர் கையை மருந்துக்கடைக்காரி பார்த்தாள். இந்தக் கடையைத் தவிர அவளுக்கு ஒன்றும் தெரியாது, ஒன்றும் கிடையாது.

அண்ணனின் கையைத் தள்ளிவிட்டு இழுப்பறையைத் திறந்தாள். பாதி அட்டையை எடுத்து, காலித் துண்டின் பக்கத்தில் வைத்து நகர்த்தினாள். அவசரத்தில் கோணலாக வெட்டிய ஓரம் இரண்டிலும் ஒன்றாகப் பொருந்தியது.

"நான்தான் கொடுத்தேன்," என்றாள். "தூக்கம் வரும்னு சொல்லல."

அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

தும்மலின் மனைவி அழவும் இல்லை, கத்தவும் இல்லை. "தெரியும்க்கா," என்றாள். "அவர் வேற கடையில மாத்திரை வாங்கினதே இல்ல. அக்கா பேரை இழுக்கக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. நீங்களா சொல்வீங்களான்னுதான் வந்தேன். சொல்லலைன்னா பேசாம திரும்பிப் போயிருப்பேன்."

மருந்துக்கடைக்காரி ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணே ஒண்ணுதான் மனசு ஆறல," என்று அந்தப் பெண் தொடர்ந்தாள். குரல் இறங்கிவிட்டது. கட்டினவனுக்காக அவள் வெட்கப்படுவது தெரிந்தது. "கலர் மாறியிருக்கே, என்னன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா அந்த மனுஷன்? வக்கீலும் அதைத்தான் சொல்றாரு. வண்டி ஓட்டறவன் கேக்காம வாயில போட்டா அவன் மேலயும் பாதித் தப்பாம். நீங்க மறந்தீங்க, அவர் கேக்கல. பாதிப் பாதின்னு போயிடுமாம்."

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் உயிர் வந்துவிட்டது. ஆள் வேலையாக இருந்ததில் மறந்துபோனது, அவ்வளவுதானே? மறதி யாருக்குத்தான் இல்லை? கொஞ்ச நாள் கடை மூடிக்கிடக்கும், பிறகு லைசன்ஸ் திரும்பி வரும். தலையை மட்டும் ஆட்டு என்று தங்கைக்குக் கண்ணால் சொன்னார். அவளுக்கும் புரிந்தது. இதற்கு மேல் ஒரு வார்த்தைகூட அவள் பேச வேண்டியதில்லை.

"கேட்டான்," என்றாள் மருந்துக்கடைக்காரி.

"என்னக்கா?"

"மஞ்சளா இருக்கேன்னு கேட்டான். நான்தான், எல்லாம் தும்மலுக்குத்தான், போடுன்னு சொன்னேன்."

அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். மேசைமேல் இருந்த இரண்டு துண்டுகளையும் அந்தப் பெண் சேர்த்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

"இதை வக்கீல்கிட்ட உங்க வாயால சொல்லணும். வாங்க."

அக்கா என்று சொல்லவில்லை. மருந்துக்கடைக்காரி செருப்பை மாட்டிக்கொண்டு அவள் பின்னால் நடந்தாள்.